வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு: வட சென்னைக் கேள்வி பதில்

காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர், மணலி பக்கமிருந்து கலை அறிவியல் கல்லூரிகளில் சேரும் பிள்ளைகளில் பலர், அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள். அவர்களுக்காகவும், அவர்களுடைய பெற்றோருக்காகவும், துணைத் திட்டத்தில் அவர்களுக்குத் துணை நிற்க வரும் சீனியர்கள், ஆசிரியர்களுக்காகவும் எழுதப்பட்டது இது. பாடம் புரியாமல் நின்றுவிடுகிறவர்களைவிட, வருகைப் பதிவிலும் சான்றிதழிலும் சிக்கி, யாரிடமும் கேட்கத் தயங்கியே நின்றுவிடுகிறவர்கள் அதிகம். அந்தச் சிக்கல் முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடுவதால், இங்குள்ள பதில்களில் பெரும்பகுதி அந்த முதல் ஐந்து மாதத்தைச் சுற்றியே இருக்கும்.

துணைத் திட்டம் என்றால் என்ன? டியூஷன் மாதிரியா?

டியூஷன் அதில் ஒரு சின்னப் பங்குதான். கல்லூரியில் படித்தவர் இருக்கும் வீட்டில், "இன்டர்னல்னா என்னப்பா?" என்று சாப்பிடும்போதே கேட்டுவிடலாம். எச்.ஓ.டி.யிடம் (துறைத் தலைவர்) எப்போது போகலாம், போனஃபைட் (இந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்ற சான்று) எங்கே வாங்குவது, அரியர் (பாஸ் ஆகாமல் நிற்கும் தாள்) விழுந்தால் வருஷம் போய்விடுமா என்பதெல்லாம் அங்கே சும்மா காதில் விழும் விஷயங்கள். அப்படிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒரு சீனியரையும் ஓர் ஆசிரியரையும் நிறுத்துவதே இந்தத் திட்டம். ஒரு மூன்றாம் ஆண்டு மாணவருக்கு ஐந்து அல்லது ஆறு முதலாண்டுப் பிள்ளைகள், அப்படி நான்கைந்து குழுவுக்கு ஓர் ஆசிரியர். இதற்கு மேல் ஆள் கூட்டினால் பெயர்ப் பட்டியல் மட்டும்தான் மிஞ்சும்.

முதல் பட்டதாரி சான்றிதழ் எங்கே வாங்குவது? அது எதற்கு ஆகும்?

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சேவைக் கட்டணம் 60 ரூபாய். ரேஷன் கார்டு, ஆதார், உங்கள் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வீட்டில் படித்தவர்களின் கல்விச் சான்றுகள், குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்ற உறுதிமொழி, ஒரு போட்டோ ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். விண்ணப்பம் வருவாய் ஆய்வாளரின் விசாரணைக்குப் பிறகு தாலுகா அலுவலகத்தில் துணை வட்டாட்சியர் அளவில் முடியும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லோரையும் பார்ப்பார்கள்.

தடங்கல் வருவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு இனிஷியல். வீடு மாறிய பிறகும், குறிப்பாக மறுகுடியமர்வில் வேறு பகுதிக்குப் போன பிறகும், ரேஷன் கார்டில் பழைய முகவரி. ஓ.டி.பி. போகும் போன் நம்பர் இப்போது யாரிடமும் இல்லாதது. பிளஸ் டூ தேர்வு முடிந்து முடிவு வரும்வரை உள்ள இடைவெளியில் இவற்றைச் சரிசெய்துவிடுங்கள். முடிவு வந்த வாரத்தில் இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது.

சான்றிதழின் பெரிய பயன் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போல ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேரும் தொழிற்படிப்புகளுக்கான கட்டணச் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது கிடையாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும்.

அண்ணன் பி.காம். சேர்ந்து பாதியில விட்டுட்டாரு. எனக்குச் சான்றிதழ் கிடைக்குமா?

பட்டம் வாங்காதவர் பட்டதாரி ஆகமாட்டார். அதை மறைக்காமல் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் அவர் இதே முதல் பட்டதாரி சலுகையில் சேர்ந்து படித்திருந்தால், அதே வீட்டில் இரண்டாவது ஆளுக்கு அது கிடைக்காது.

பி.ஏ., பி.எஸ்சி. சேரத்தான் ஆசை. கையில் பணம் இல்லை.

முதலில் அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பியுங்கள். இந்தப் பகுதிக்குப் பக்கத்தில் வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, ஆர்.கே. நகர் அரசு கலை அறிவியல் கல்லூரி, பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். கட்டணம் பதிவோடு சேர்த்து 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 2 ரூபாய் என்று வசூலித்து வருகிறார்கள். ஒரே ஒரு கல்லூரியை மட்டும் குறித்துவிட்டுக் காத்திருப்பதுதான் ஆண்டுதோறும் நடக்கும் தவறு. குறைந்தது நான்கு கல்லூரி, ஒவ்வொன்றிலும் மூன்று பாடப்பிரிவு குறியுங்கள்.

அரசு உதவி பெறும் கல்லூரியோ தனியார் கல்லூரியோ வேண்டுமானால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டம் 2010-11 முதல் நடக்கிறது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதியின் ஏழைப் பிள்ளைகளுக்கு இணைப்புக் கல்லூரிகளில் கட்டணமில்லாத இடம் தருகிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை உண்டு. பிளஸ் டூ முடிவு வந்து சுமார் 15 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், தகுதி உள்ள பலர் செய்தி தெரியவருவதற்குள் தேதியைத் தவறவிடுகிறார்கள். வருமானச் சான்றிதழ் கையில் தயாராக இருக்கட்டும்.

காசிமேட்டு வீடுகளுக்குத் தனியாக ஒன்று. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். சேர்க்கைக் கட்டணமும் அதே மாதங்களில்தான் வரும். வட்டிக்கு வாங்குவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் தவணை கேட்டுக் கடிதம் கொடுங்கள். வாயால் மட்டும் கேட்டால் அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது.

கூடப் படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எனக்கு வரவில்லை. ஏன்?

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்தார்கள். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம்.

தகுதி இருந்தும் பணம் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான். பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போவதில்லை. கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அதற்கே போகும். கடைவீதி முகாமில் புதிதாக ஒரு கணக்கு திறந்திருந்தால் அங்கே சேர்ந்துகொண்டிருக்கலாம். ஆதார் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' பகுதியில் எந்த வங்கி என்று தெரியும். பள்ளியில் மைனராகத் திறந்த கணக்கை 18 வயதுக்குப் பிறகு கே.ஒய்.சி. (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்து மாற்றாவிட்டாலும், நெடுநாள் வரவு செலவு இல்லாமல் முடங்கினாலும் பணம் திரும்பிவிடும். வங்கிப் பக்கம் சரியாக இருந்தால், கல்லூரியில் இதற்கென இருக்கும் பொறுப்பு ஆசிரியரிடம் உங்கள் எமிஸ் எண்ணும் (பள்ளியில் தந்த மாணவர் எண்) யூ.எம்.ஐ.எஸ். பதிவும் (கல்லூரி மாணவர்களுக்கான அரசுப் பதிவு) பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

75 சதவீத வருகை என்கிறார்கள். எத்தனை நாள் லீவ் போடலாம்?

செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வையுங்கள். 68 நாள் வந்தாக வேண்டும். ஆக 22 நாள்தான் கையிருப்பு. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஞாயிறு இரவு வேலைக்குப் போய்விட்டு ஒவ்வொரு திங்களும் லீவ் போட்டால், 18 வாரத்தில் 18 நாள் போய்விடும். மீதி நான்கு நாள். ஒரு காய்ச்சல் போதும், அதுவும் தீர்ந்துவிடும்.

சென்னைப் பல்கலைக்கழக விதிப்படி 65 முதல் 74 சதவீதம் என்றால் காண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான) கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். 50 முதல் 64 வரை என்றால் அந்த முறை எழுத முடியாது, அடுத்த செமஸ்டரில் எழுத வேண்டும். 50-க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் சிறு மாற்றங்கள் இருக்கும், கல்லூரிக் கையேட்டில் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது, உங்கள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்வது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாதத்துக்கு ஒரு வரி போதும்: எத்தனை நாள் நடந்தது, எத்தனை நாள் வந்தேன். தாமதமாக வந்தால் அரை நாள் போகுமா, ஒரு மணி நேரம் போகுமா என்பதை முதல் வாரத்திலேயே கிளாஸ் டியூட்டரிடம் (வகுப்புப் பொறுப்பு ஆசிரியர்) கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். காண்டோனேஷன் நேரத்தில் அதுதான் பேசும்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாமா?

பலருக்கு வேறு வழி இல்லை, அதனால் தடுப்பதில் அர்த்தமில்லை. எந்த வேலை, எந்த நேரம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரியில், விடியற்காலை மீன் மார்க்கெட் வேலை இருப்பவருக்கு மதிய ஷிப்ட் பொருந்தும். மாலைக் கடை வேலைக்குக் காலை ஷிப்ட். சேர்க்கையின்போதே ஷிப்ட் பார்த்துச் சேருங்கள், பிறகு மாற்றுவது கடினம். தெரிந்தே தவிர்க்க வேண்டியது இரவு முழுக்க விழிக்கும் வேலை. கேட்டரிங்கிலும் டெலிவரியிலும் வரும் சம்பளம் கண்ணில் தெரியும், போகும் வகுப்பு தெரியாது. தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் வேலை இல்லை என்று முதலாளியிடம் சேரும் நாளிலேயே சொல்லிவிட்டால் சண்டை வராது.

தமிழ் வழியில் படித்தேன். வகுப்பில் இங்கிலீஷில் எடுப்பது எதுவும் ஏறவில்லை.

முதல் ஆறு வாரம் இப்படித்தான் இருக்கும், உங்களுக்கு மட்டும் இல்லை. செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பி.காம். பிள்ளை கணக்குப் பதிவியல் புத்தகத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் வைத்து, ஒரே பாடத்தைப் படிக்கலாம். 'தேய்மானம்' என்று படித்தது ஆங்கிலத்தில் எந்தச் சொல்லாக நிற்கிறது என்று பார்த்து நாளுக்குப் பத்து சொல் எழுதினால், கல்லூரியே வைக்கும் முதல் இன்டர்னல் தேர்வுக்குள் பாடத்தின் அடிப்படைச் சொற்கள் வசமாகிவிடும். முதலாண்டுப் பாடத்தில் கணிசமான பகுதி பிளஸ் டூவில் பார்த்ததுதான். மொழி மாறியிருப்பதால் புதிதாகத் தெரிகிறது.

அப்படியானால் ஆங்கில வழி வகுப்பு கிடைத்தால் மாறிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டப்படி இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் தகுதி வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பட்டப் படிப்பைத் தகுதியாகக் கேட்கும் குரூப் 1, குரூப் 2 எழுத நினைப்பவர், பட்டத்தை ஆங்கில வழிக்கு மாற்றினால் அந்த முன்னுரிமையை இழப்பார். தனியார் துறைதான் இலக்கு என்றால் ஆங்கில வழி உதவும். இதை யாரும் சொல்லாமல் சேர்க்கை நாளில் வரிசையில் நின்றபடி முடிவெடுப்பது பெரிய இழப்பு.

தேர்வில் பாஸ் ஆக எவ்வளவு எழுத வேண்டும்?

பல்கலைக்கழகத் தேர்வு 75, இன்டர்னல் 25. தேர்வில் மட்டும் 30, மொத்தத்தில் 40 வேண்டும். வழக்கமான வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வி 12-இல் 10, ஐந்து மதிப்பெண் 7-இல் 5, பத்து மதிப்பெண் 5-இல் 3. சிறு கேள்வியில் 14, நடுப்பகுதியில் 12 வாங்கினால் 26. கட்டுரைப் பகுதியில் ஒன்றுக்கு நான்கு மதிப்பெண் வந்தாலே பாஸ். 26, 27-இல் நிற்கும் தாள்களில் அடிக்கடி தெரிவது, கடைசிப் பகுதி வெறுமையாக இருப்பது. நேரத்தை முன்பகுதியில் கொட்டிவிடுகிறார்கள். மூன்று மணி நேரத்தில் கட்டுரைகளுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

இன்டர்னல் 25-ஐ யாரும் சும்மா தரமாட்டார்கள். டெஸ்ட், அசைன்மென்ட், வருகை எல்லாம் சேர்ந்தது அது. அசைன்மென்ட் தேதி தவறினால் மேடத்தைப் பார்த்து நேரில் சொல்லுங்கள். வராண்டாவில் தலையைக் குனிந்துகொண்டு போவதால் எதுவும் நடக்காது.

அரியர் விழுந்துவிட்டது. வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.

அரியர் வைத்தவர் அடுத்த ஆண்டுக்குப் போகலாம், அந்தத் தாளை மட்டும் அடுத்த தேர்வில் எழுதலாம். பள்ளியில் ஃபெயில் ஆவதும் இதுவும் ஒன்று இல்லை என்பது பெற்றோருக்குத் தெரியாது. சீனியர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடம் விளக்கினால் அடி, அழுகை இல்லாமல் முடியும். ஓரிரு மதிப்பெண்ணில் போயிருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்துவிட்டு மறுமதிப்பீடு கேளுங்கள். முடிவு வந்த சில நாள்தான் அதற்கு அவகாசம். அடுத்த முறை அரியர் தாளுக்கும் சேர்த்துத் தேர்வுக் கட்டணம் கட்ட மறக்கக் கூடாது.

நவம்பர் மழையில் தேர்வு வந்தால்?

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பஸ் சுற்றிப் போகும். முந்தின நாளே கல்லூரிப் பக்கத்து நண்பர் வீட்டில் தங்க முடியுமா பாருங்கள். சான்றிதழ்களையும் ஹால் டிக்கெட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு பரண் மேல் வையுங்கள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலோ மெயிலிலோ ஏற்றிவிடுங்கள்.

பஸ்ஸில், ரயிலில் 'ரூட்டு' பிரச்சினை இருக்கிறதாமே. பையனை அனுப்பவே பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு பஸ் அல்லது ரயில் வழித்தடத்து மாணவர் கும்பலின் தலைவரை 'ரூட்டு தல' என்று கொண்டாடி, அவர் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு போவதில் தொடங்கும், கல் வீச்சில் முடியும். கும்பலில் நின்றவன் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறும். அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பிலும் பாஸ்போர்ட்டிலும் அது பல வருஷம் துரத்தும். முதலாண்டுப் பையன்கள் அதில் சேர்வது வீரத்தால் இல்லை, தனியாகப் போனால் அடி விழும் என்ற பயத்தால். அதனால் அறிவுரை மட்டும் போதாது, கூடப் போக ஆள் வேண்டும். ஒரே பகுதிப் பிள்ளைகள் நான்கு பேரை ஒரு சீனியரோடு சேர்த்து, அரை மணி முன்னதாகக் கிளம்பும் பஸ்ஸிலோ கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலின் வேறு பெட்டியிலோ முதல் இரண்டு மாதம் அனுப்புங்கள். மிரட்டல் வந்தால் அன்றே டியூட்டரிடம் சொல்ல வேண்டும்.

அரசுக் கல்லூரி மாணவருக்கு மாநகரப் பேருந்தில் இலவச பாஸ் உண்டு. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டே தேவையில்லை.

நாங்கள் படிக்கவில்லை. பெற்றோராக நாங்கள் என்ன செய்ய முடியும்?

பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்கு எந்த வகுப்பு நடந்தது, எந்த சார் வந்தார் என்று தினமும் கேளுங்கள். மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை டிவி சத்தத்தைக் குறையுங்கள். தேர்வு வாரத்தில் கடைக்கு, தண்ணி லாரிக்கு, கல்யாணத்துக்கு அந்தப் பிள்ளையை அனுப்பாதீர்கள். டியூட்டரின் போன் நம்பரை உங்கள் போனில் வையுங்கள், கூப்பிடத் தயங்காதீர்கள். "படிக்காதவங்க, என்ன பேசுறது" என்று ஒதுங்கும் அம்மாதான், பிள்ளை பத்து நாளாகக் கல்லூரிக்கே போகவில்லை என்பதைக் கடைசியாகத் தெரிந்துகொள்கிறார்.

இரண்டாம் ஆண்டிலேயே மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

தனியாக வீட்டோடு மோத வேண்டாம். அம்மாவைத் துறை ஆசிரியையிடம் ஒருமுறை அழைத்து வாருங்கள். "இன்னும் மூணு செமஸ்டர்தான்" என்று முடியும் தேதியோடு பேசினால் பல வீடுகள் தள்ளிவைக்கும். வற்புறுத்தலோ மிரட்டலோ இருந்தால் பெண்கள் உதவி எண் 181, பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் 1098.

வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமே இல்லை.

ஒரே அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் இது சோம்பேறித்தனம் இல்லை. கல்லூரி நூலகம் மூடும் வரை அங்கே இருங்கள். கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்க நல்ல இடம் உண்டு. தெருவிலேயே கேரம் கிளப், சர்ச் ஹால், மன்றக் கட்டடம் இருந்தால் இரவு ஏழிலிருந்து பத்து வரை கேட்டுப் பாருங்கள். ஒரு டியூப் லைட்டும் நாலு பெஞ்சும் போதும், ஊர்ப் பெரியவர்கள் மறுப்பது அரிது.

நாங்கள் சீனியர்கள். எப்போது, என்ன செய்ய வேண்டும்?

முதல் வாரத்தில் உங்கள் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு கல்லூரியைச் சுற்றுங்கள். ஆபீஸ் கவுன்ட்டர், உதவித்தொகைப் பிரிவு, நூலகம், கழிப்பறை, தண்ணீர், கேன்டீன். அம்மா உணவகம் பக்கத்தில் எங்கே என்பதையும் காட்டுங்கள். காலையில் சாப்பிடாமல் வருகிறவர் யார் என்று அப்போதே தெரிந்துவிடும்.

மூன்றாம் வாரம் ஒவ்வொருவரையும் தனியாகப் பாருங்கள். "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகேண்ணா" என்றுதான் பதில் வரும். எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், எந்தப் பாடத்தில் நோட்டு இல்லை, பஸ் பாஸ் வந்ததா என்று கேளுங்கள். அந்தப் பதில்களிலேயே பிரச்சினை தானாக வெளியே வரும்.

ஆறாம் வாரம் முதல் இன்டர்னல். தொடர்ந்து மூன்று நாள் வராதவர், இன்டர்னலுக்கு வராதவர், தேர்வுக் கட்டணக் கடைசித் தேதி நெருங்கியும் கட்டாதவர், இந்த மூவருடைய பெயரையும் அன்றே ஆசிரியருக்குச் சொல்லுங்கள். வாட்ஸாப் குரூப்பில் பெயர் போட்டுக் கேட்காதீர்கள். பணம் கட்டாததை நாற்பது பேர் பார்க்கப் போட்டால், அந்தப் பையன் குரூப்பை மட்டுமல்ல, கல்லூரியையே விட்டுப் போய்விடுவான்.

பெற்றோர் கூட்டத்தைக் கல்லூரியில் வேலை நாள் காலை பத்து மணிக்கு வைத்தால் யாரும் வரமாட்டார்கள், ஒரு நாள் கூலி போய்விடும். அவர்கள் பகுதியிலேயே, ஞாயிறு மாலை வையுங்கள். காசிமேட்டில் ஞாயிறு காலை வியாபாரம் உச்சத்தில் இருக்கும், அந்த நேரம் மட்டும் வேண்டாம்.

மனசு சரியில்லை. யாரிடம் பேசுவது?

14416, டெலி மானஸ். அரசின் இலவச எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கல்லூரியை விட்டுவிட நினைத்தால் ஒரிஜினல் சான்றிதழ் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இல் அறிவித்திருக்கிறது. சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணத்தையும், சிறு பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு 30 நாள் கடந்துவிட்டால் எதுவும் வராது. எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். ஆனால் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கும் முன் துறைத் தலைவரை ஒருமுறை பாருங்கள். டி.சி. வாங்காமல் இடைவெளி விட்டவர், அனுமதி வாங்கிப் பிறகு அதே படிப்பில் திரும்பச் சேர வழி உண்டு.

மூன்று வருஷம் முடிந்தது. என்னென்ன காகிதம் வாங்க வேண்டும்?

எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், ஒருங்கிணைந்த பட்டியல், தற்காலிகச் சான்றிதழ், டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ். தமிழ் வழியில் படித்தவர் அதற்கான சான்றிதழையும் கையோடு வாங்கிவிடுங்கள். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்புக்குப் பிறகுதான் வரும், அதற்குத் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டுவிட்டு, வேலைக்குக் கேட்கும்போது ஓடி வருகிறவர்கள் ஏராளம். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று கவுன்ட்டரைவிட்டு நகரும் முன் எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.